நாற்பத்தெட்டுச் சதுர அடி

2024ஆம் ஆண்டு ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். தென்காசியில் சாரல். மேற்கிலிருந்து நல்ல காற்று. குடையை விரித்தால் காற்று பிடுங்கியது, மடக்கினால் கண்ணாடி நனைந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று மூன்று முறை மடக்கி இரண்டு முறை விரித்தேன்.

கையில் ஒரு துண்டுச்சீட்டு. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரோ பாதுகாவலரோ தவறாமல் வரவேண்டும், பொருள் பிள்ளைகளும் கைபேசியும் என்று அதில் அடித்திருந்தது. ‘தவறாமல்’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோடு எல்லாச் சீட்டிலும் உண்டா, என் பேத்தியின் சீட்டில் மட்டும் யாராவது இழுத்ததா என்று முந்தைய நாள் முழுக்க எனக்கு யோசனை. வாசலில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளின் சீட்டை எட்டிப் பார்த்தேன். அதிலும் கோடு இருந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த நிம்மதிகளில் அதுதான் முதலாவது, ஆகச் சிறியதும் அதுவே.

எனக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்து நான்கு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். மகன் ராணுவத்தில், வடக்கே இருக்கிறான். மருமகளும் சின்னப் பேரனும் அவனோடு குவார்ட்டர்ஸில். அடிக்கடி மாற்றல் வருவதால் மூத்தவளின் படிப்பு கெட்டுவிடக் கூடாதென்று ஆறாம் வகுப்பிலேயே அவளை எங்களிடம் விட்டார்கள். ஆக, மேலகரத்து வீட்டில் நானும் மனைவியும் பேத்தியும் மூன்றே பேர்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அவளுக்கு ஒரு கைபேசி வந்தது. மகன் விடுமுறையில் வந்தபோது விட்டுப்போன பழையது. சிம் என் பெயரில் வாங்கியது, சட்டமும் நான் போட்டது. ஒரு நாளைக்கு அறுபது நிமிடம். எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் ஒரு நோட்டில் நான் எழுதுவேன். இரண்டாவது சட்டம், போனில் ஏதாவது கோளாறான சங்கதி வந்ததென்று தெரிந்தால் போன் பீரோவுக்குள் போகும், சாவி என் மடியில் இருக்கும். இந்த இரண்டாவது சட்டத்தை நாளுக்கு ஒரு தடவையாவது அவள் காதில் போட்டுவிடுவேன்.

அவள் லேசுப்பட்டவள் இல்லை. ஒவ்வொரு நிமிடத்துக்கும் வழக்காடுவாள்.

“நெட்டு சுத்திக்கிட்டே கெடந்த மூணு நிமிசத்தையும் எங்கணக்குல எழுதுதீயளே, நாயமா தாத்தா?”

“மீட்டர் ஓடிச்சுன்னா ஓடினதுதான்” என்பேன்.

அப்படிப்பட்டவளின் நோட்டில், ஜூலை 4 வியாழக்கிழமை அறுபது நிமிடம். 5 வெள்ளி, பூஜ்யம். 6 சனி, பூஜ்யம். 7 ஞாயிறு, பூஜ்யம். 8 திங்கள், பூஜ்யம். நான்கு நாளாக அந்தப் போன் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் குப்புறக் கிடந்தது. வழக்கமாக நான்கு தோசை சாப்பிடுகிறவள் இரண்டோடு எழுந்தாள். நான் மீட்டர் பார்த்த காலத்தில், ஓடுகிற மீட்டரைக் கண்டு பயந்ததில்லை. ஆள் இருக்கிற வீட்டில் நின்றுபோன மீட்டரைக் கண்டால்தான் பயம். உள்ளே ஏதோ எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது போனை எடுத்துப் பார்த்தேன். அணைத்து வைத்திருந்தது. உயிர்ப்பித்தால் விரல்ரேகை கேட்டது. என் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்ட என் மனைவி சொன்னாள்: “புள்ள போனு பாத்தாலும் கணக்கு, பாக்காட்டாலும் கணக்கா? செத்த நேரம் சும்மா இரிங்களேன்.” அவள் குரலில் ஒரு அவசரம் இருந்தது. அதை நான் அப்போது கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கூட்டத்துக்குப் போனது பாடம் கேட்க இல்லை. பேத்திக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான். பேப்பரில் வருகிற செய்திகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவள் மேல் பொருத்திப் பார்த்து, நான்கு நாளில் அரை ஆளாகிவிட்டிருந்தேன்.

வகுப்பறைக்கு நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பெண்கள் இருபத்தொன்பது, ஆண்கள் பன்னிரண்டு. பிள்ளைகளை வெளியே சைக்கிள் கொட்டகைப் பக்கம் இருக்கச் சொல்லியிருந்தார்கள். பேசியவர் கணினிப் பாடம் எடுக்கிற டீச்சர். நாற்பது வயது இருக்கலாம். அவர்கள் வீட்டு மீட்டரைப் பதினோரு ஆண்டுகள் நான்தான் பார்த்தேன். அவர் பாவாடை சட்டையோடு கதவைத் திறந்த காலம் அது.

“நா அஞ்சு வாரமா ஒங்க புள்ளைகளுக்கு இந்தப் பாடந்தான் எடுக்கேன். இன்னைக்கி ஒங்களுக்கு” என்று ஆரம்பித்தார்.

பின்பெஞ்சில் இருந்து, புளியறைப் பக்கம் லாரி ஓட்டுகிற ஒருவர் குரல் கொடுத்தார். “எதுக்கு டீச்சர் இம்புட்டுப் பாடம்? போனே குடுக்காம இருந்துட்டா சோலி முடிஞ்சுதுல்லா?”

“முடிஞ்சுது அண்ணாச்சி. வேதியியல் வீட்டுப்பாடம் மட்டும் ஒங்க லாரில வந்து எறங்கும், நீங்க கொண்டுவந்து குடுத்துருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். லாரிக்காரரும் சிரித்துக்கொண்டு, “அப்ப குடுத்துத்தான் தொலைக்கணும்ங்கிய” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சரின் கண் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஏதோ சொல்லப் போகிறார் என்று பெஞ்சு நுனிக்கு நகர்ந்தேன்.

டீச்சர் எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். பெயர் எழுதக் கூடாது. கேள்வி ஒன்றே ஒன்று: பயப்படும்படியான ஒரு செய்தி போனில் வந்திருப்பதாக உங்கள் பிள்ளை சொன்னால், முதல் காரியமாக என்ன செய்வீர்கள்? நான் யோசிக்கவே இல்லை. ‘போனைப் பூட்டி வைப்பேன், சாவி என்னிடம்’ என்று எழுதி மடித்து, டீச்சர் நீட்டிய சாக்பீஸ் டப்பாவில் போட்டேன்.

அதன் பிறகு மேஜைக்கடியிலிருந்து இன்னொரு சாக்பீஸ் டப்பாவை எடுத்தார். முந்தைய நாள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் எழுதிப் போட்ட சீட்டுகள். அவர்களுக்குக் கேட்ட கேள்வி: அப்படி ஒரு செய்தி வந்தால் வீட்டில் சொல்வாயா? மாட்டாய் என்றால் ஏன்?

“இத எண்ணிச் சொல்ல ஒரு ஆள் வேணும்” என்று சுற்றிப் பார்த்தார். “அண்ணாச்சி, நீங்க வாங்க. ஒங்க எண்ணிக்கைய இந்த ஊர்ல யாரும் மறுக்க மாட்டாங்க.”

எண்ணுவதென்றால் எனக்கு நடுக்கம் நின்றுவிடும். முன்னால் போய் உட்கார்ந்து பெரியவர்கள் சீட்டை முதலில் பிரித்தேன். நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று பேர் போனைப் பிடுங்குவோம் என்று எழுதியிருந்தார்கள். ‘உடைப்பேன்’ என்று எழுதிய இருவரையும் அதில் சேர்த்துக்கொண்டேன். ஆறு பேர், யார் அனுப்பியது என்று கேட்பதாக எழுதியிருந்தார்கள். இரண்டு சீட்டு வெற்று.

பிறகு பிள்ளைகள் சீட்டு. சொல்வேன், பதினொன்று. மாட்டேன், இருபத்தேழு. அந்த இருபத்தேழையும் காரணம் பார்த்துப் பிரித்து அடுக்கினேன். போனைப் பிடுங்குவார்கள் என்று பத்தொன்பது. அடிப்பார்கள் என்று ஐந்து. எந்த அடுக்கிலும் சேராதது மூன்று. அந்த மூன்றில் கடைசிச் சீட்டு பச்சை மையில் எழுதியிருந்தது.

பத்துப் பேனா அடங்கிய பெட்டி ஒன்றைத் தள்ளுபடி விலையில் வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கிறேன். பத்தும் பச்சை. அந்த வகுப்பில் பச்சையில் எழுதக்கூடிய ஒரே பிள்ளை யார் என்று எனக்குத் தெரியும்.

‘சொல்ல மாட்டேன். தாத்தா போனை வாங்கிப் பூட்டி வைப்பார். அதுகூடப் பரவாயில்லை. பேனரில் என் நம்பரைப் போட்டது அவர்தான் என்பது ஞாபகம் வந்தால் சாப்பிடவே மாட்டார். அவருக்கு சுகர் இருக்கிறது.’

மூன்று தடவை படித்தேன். எதுவோ வந்திருக்கிறது. வந்தது என்னால் வந்திருக்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது என் சோற்றுக்காக. கூட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டை மடித்து அந்த மூன்றோடு வைத்தேன். எழுந்து நின்று எல்லா எண்களையும் வாசித்தேன். குரல் நடுங்கியதா என்று பிறகு டீச்சரிடம் கேட்டேன். இல்லை, கொஞ்சம் சத்தமாக இருந்தது என்றார்.

டீச்சர் கரும்பலகையில் முப்பத்து மூன்று என்றும் பத்தொன்பது என்றும் மட்டும் எழுதினார். “போனப் பூட்டுனா போனு பத்திரமா இருக்கும்” என்றார். “புள்ள?”



பேனர் சங்கதி இதுதான். மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. ஐந்நூறுக்கு நானூற்று எண்பத்தொன்று. எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் பேனர், புது மோட்டார் சைக்கிளுக்கும் பேனர். நானூற்று எண்பத்தொன்றுக்கு வைக்காமல் இருக்கலாமா? எட்டு அடிக்கு ஆறு அடி, நாற்பத்தெட்டுச் சதுர அடி. நடுவில் அவள் முகம், பெயர், பள்ளி, மதிப்பெண். பக்கத்தில் அவள் தகப்பன் பெயரும் ராணுவத்தில் இருக்கிறான் என்பதும். கீழே வாழ்த்தி மகிழ்வோர் என்று மாமன், சித்தப்பன், அத்தைமார் ஒன்பது பேர், பெயரோடும் முகத்தோடும்.

பிளக்ஸ் கடைக்காரர் எல்லாம் முடித்துவிட்டுக் கேட்டார். “கீழ ஒரு நம்பர் போட்டுருவமா அண்ணாச்சி? எல்லாரும் போடுதாவ.”

என் எண்ணைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாழ்த்து அவளுக்கல்லவா வரவேண்டும் என்று தோன்றியது. அவள் எண்ணைச் சொன்னேன். பிழை வந்துவிடக் கூடாதென்று பத்து இலக்கத்தையும் கடைக்காரரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

தெருமுனையில் அதைக் கட்டிய அன்று என் மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாடு காணாமப் போன மாதிரில்லா நம்பர் போட்டு வச்சிருக்கீய” என்றாள். மறுப்பதற்காகவே மறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் அங்கே இருந்தது. காற்றில் கிழிவதற்கு முன்னால் நானே அவிழ்த்து மடித்து வைத்தேன். எங்கள் ஊரில் பேனருக்கு இரண்டு பிறவி. முதல் பிறவி வாழ்த்து, இரண்டாம் பிறவி கூரை. ஆட்டோவுக்கு மேல், விறகுக்கு மேல், சீசன் கடைகளுக்கு மேல் எங்கே பார்த்தாலும் யாராவது ஒரு மணமக்கள் நனைந்துகொண்டிருப்பார்கள். ஜூன் முதல் வாரம் குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும், ஐந்தருவி ரோட்டில் தள்ளுவண்டியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிற ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தேன். சீசன்தோறும் அவளிடம்தான் பழம் வாங்குவேன். பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல பிளக்ஸ் வீணாகப் போவதும் பொறுக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் என்னைச் சைக்கிள் கொட்டகைக்கு அழைத்துப் போனார். பேத்தி அங்கே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“படிச்சிட்டீயளா?”

“நாந்தான எண்ணுனேன்.”

“டீச்சர், இவங்களையா எண்ணச் சொன்னீங்க?” என்று அவள் கத்தினாள்.

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “பேரு எழுத வேண்டாம்னுதான சொன்னேன். நீ பச்சையில எழுதுவேன்னு நா கண்டனா?” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “அண்ணாச்சி, மொதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க. ஒண்ணும் ஆகல. இவ எதையும் அனுப்பல.”

பிறகு இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஜூலை இரண்டாம் தேதி தெரியாத எண்ணிலிருந்து ஒருவன் வாழ்த்துச் சொல்லியிருக்கிறான். உன் அப்பாவோடு ஒரே முகாமில் வேலை பார்க்கிறேன் என்றிருக்கிறான். அப்பா பெயர் சொன்னான், சின்ன மாமா பெயர் சொன்னான், மதிப்பெண்ணும் சரியாகச் சொன்னான். அவள் நம்பினாள். அடுத்த நாள், ராணுவத்தார் பிள்ளைகளுக்குப் பரிசு தருகிறார்கள், வீட்டு விலாசம் அனுப்பு என்றான். அப்புறம் தருகிறேன் என்று தள்ளிப்போட்டிருக்கிறாள். அதற்கடுத்த நாள், வீட்டில் சாதாரணமாக இருக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு என்றான். அங்கேதான் அவளுக்கு உறுத்தியிருக்கிறது.

“டீச்சர் மொத வாரமே சொன்னாங்க தாத்தா. தெரியாத ஆளு நம்மளப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுனா, அவன் யாருன்னு கேக்காத, அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசின்னு. நா யோசிச்சேன். அனுப்ப மாட்டேன்னுட்டேன். ஒடனே இத அனுப்புனான்.”

டீச்சர் தன் போனில் சேமித்து வைத்திருந்த நகலைக் காட்டினார். என் பேத்தியின் பேனர். கீழே அவன் எழுதியிருந்தான்: ‘கேட்டதை அனுப்பு. இல்லாவிட்டால் உன் முகத்தை வேறு மாதிரி ஆக்கி இதில் இருக்கிற ஒன்பது பேருக்கும் அனுப்புவேன்.’

சைக்கிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

“படத்த நல்லாப் பாருங்க தாத்தா” என்றாள் அவள். “பெரிய மாமா தலையில என்ன தொங்குது?”

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பெரிய மாமன் முகத்துக்கு முன்னால் சிவப்பாக ஒரு ரம்புட்டான் குலை.

அவளுக்கு அப்போதே புரிந்திருக்கிறது. இவன் அப்பாவின் முகாமிலும் இல்லை, எங்கேயும் இல்லை. சீசனுக்கு வந்து பழம் தின்ற யாரோ ஒருவன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாற்பத்தெட்டுச் சதுர அடிக்குள் இருந்ததுதான். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட அவனுக்குத் தெரியாது. அது புரிந்ததும் பயம் பாதி குறைந்துவிட்டது என்றாள். எல்லாவற்றையும் நகல் எடுத்து டீச்சர் எண்ணுக்கு அனுப்பிவிட்டு, அவன் எண்ணைத் தடை செய்து, போனை அணைத்துக் குப்புற வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் டீச்சரிடம் சொன்னாள். தலைமையாசிரியை முன்னிலையில் அவள் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசி, இணையக் குற்றத்துக்கான அரசாங்கப் புகாரைப் பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டம் நடந்த அன்று காலையில்தான் பதில் வந்ததாம். அவன் கணக்கை முடக்கிவிட்டார்கள், விசாரணை நடக்கிறது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்பாவுக்கு?”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா அப்பாவுக்குத் தெரியாதா?”

“ஆச்சிக்கு?”

அவள் சைக்கிள் மணியைத் தடவினாள். “ஆச்சிக்குத்தான் வெள்ளிக்கிழமையே தெரியும்.”

எண்ணிப் பார்த்தேன். தெரிந்தவர்கள் ஐந்து பேர். கணக்கு எழுதுகிறவனுக்கு மட்டும் தெரியாது.

கோபம் வரவேண்டும். வரவில்லை. மின்சாரம் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வரும்போது ஒரு தெருவே ஒன்றாக ஒரு மூச்சு விடுமே, அப்படி ஒரு மூச்சுத்தான் எனக்கு வந்தது. நான்கு நாளாக நான் கற்பனை செய்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. நடந்ததை அவள் சரியாகக் கையாண்டிருக்கிறாள்.

ஆனால் வெட்கமாக இருந்தது. மீட்டர் பார்த்த காலத்தில் நான் எழுதியது வெறும் எண். அந்த எண்ணை வைத்து எந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள், எந்த வீடு இரண்டு மாதமாகப் பூட்டிக்கிடக்கிறது, எந்த வீட்டில் பெண் பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு வீட்டு எண்ணை அடுத்த வீட்டில் சொன்னதில்லை. அப்படி வாயைக் கட்டியவன், சொந்தப் பேத்தியின் எண்ணை நடுத்தெருவில் எழுதித் தொங்கவிட்டேன். அதுவும் சரிபார்த்து.

“தாத்தா, அது இன்னும் அங்கனதான் தொங்குது” என்றாள்.

மணி ஐந்து நாற்பது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு தார்ப்பாய் வாங்கினேன், பன்னிரண்டுக்கு ஒன்பது. குற்றாலம் டவுன்பஸ்ஸில் ஏறினோம். அவளுக்கு மகளிர் இலவசம், எனக்கு எட்டு ரூபாய். ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாகப் பஸ் நிறையக் கூட்டம். வழியில் அவள் ஒன்று கேட்டாள்.

“நீங்க என்ன எழுதிப் போட்டிய, ஒங்க சீட்டுல?”

சொன்னேன்.

“நெனச்சேன்” என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பழக்கடை தூரத்திலேயே தெரிந்தது. சாரலில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று என் பேத்தியின் முகம், ரோட்டைப் பார்த்து. கீழே பத்து இலக்கமும் தெளிவாக. அரை கிலோமீட்டரிலிருந்து படிக்கலாம்.

“வாங்க அண்ணாச்சி!” என்றாள் பழக்காரி. “ஏட்டி தாயி, நீயும் வந்திருக்கியா! ஒம் மொகத்துக்குக் கீழ இருந்துதான் நாலு காசு பாக்கேன். வாரவுக எல்லாம் கேக்காவ, இது ஒம் பேத்தியான்னு. ஆமான்னுருதேன். நானூத்தி எம்பத்தொண்ணுல்லா! அதச் சொல்லியே ரெண்டு கிலோ கூட வித்துருதேன்.”

“போட்டோ எடுத்தாங்களா ஆச்சி?” என்று கேட்டாள் பேத்தி.

“எடுக்காம? பழத்த எடுக்கான், பேனர எடுக்கான், போற போக்குல என்னையும் எடுக்கான்.”

நான் எப்படிச் சொல்வதென்று தொண்டையைச் செருமினேன். பேத்தியே சொல்லிவிட்டாள். “அதுல எந் நம்பர் இருக்கு ஆச்சி. ஒருத்தன் அத எடுத்துட்டுப் போயி என்னைய மெரட்டுனான். போலீசுக்குச் சொல்லியாச்சு. இத அவுத்துக்கிடுதோம்.”

பழக்காரியின் கையிலிருந்த தராசு இறங்கியது. “எவம்லே அது? எங்கிட்ட பழம் வாங்கித் தின்னுட்டா போயிருக்கான்? தெரிஞ்சிருந்தா கொட்டைய எண்ணி வாங்கிருப்பேனே!” பிறகு அண்ணாந்து பார்த்தாள். “எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. எண்ணு பழக்கந்தான், ஆனா அது ஏதோ ரிசல்ட்டு நம்பருன்னு இருந்துட்டேன். அண்ணாச்சி, படிச்ச ஒங்களுக்குமா தோணல?”

தோணவில்லை என்றேன்.

அவிழ்த்தோம். பதினான்கு முடிச்சு. ஈரத்தில் இறுகிப்போன ஐந்தைப் பழக்காரி கத்தியால் அறுத்தாள். முதல் காரியமாகப் பேத்தி அந்தக் கத்தியை வாங்கி எண் இருந்த பட்டையை அறுத்தெடுத்து, பத்து இலக்கத்தையும் பத்துத் துண்டாக்கினாள். நான் துண்டுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டேன். தார்ப்பாயை விரித்துக் கட்டியதும் வண்டிக்கு நான்கு பக்கமும் ஒன்றரை அடி கூடுதலாகவே வந்தது. பழக்காரி அதைத் தட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. மொகந்தான் இல்ல” என்றாள்.

அரைக் கிலோ ரம்புட்டான் நிறுத்தாள். பணம் வேண்டாம் என்பாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். கையை நீட்டினாள். “பழக்கம் வேற, யாவாரம் வேற அண்ணாச்சி.” நூறு ரூபாய் கொடுத்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மடித்த பேனர் அவள் மடியில். இனிமேல் என்ன செய்யவேண்டும் என்று நானே கேட்டேன். அவள் யோசித்து வைத்திருந்திருக்கிறாள். “எம் படத்தையோ பேரையோ நம்பரையோ எங்க போட்டாலும், எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும். சொந்தக்காரவுக குரூப்புல போடதுக்கும்தான்.”

“சரி.”

“பீரோ சட்டம் கெடையாது.”

“சரி.”

“அறுவது நிமிசம்?”

“அது இருக்கும்” என்றேன். அதில் மட்டும் எனக்கு இன்னும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. முதல்தடவையாகச் சிரித்தாள். நான்கு நாள் பாக்கி இருநூற்று நாற்பது நிமிடம் வரவு வைப்பீர்களா என்று கேட்டாள். பயன்படுத்தாத யூனிட்டை யாரும் திருப்பித் தருவதில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, இரண்டாவது சட்டத்தைக் குறுக்கே அடித்தேன். பச்சைப் பேனாவால் புதுச் சட்டத்தை எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினேன். என் கையெழுத்தையும் போடச் சொன்னாள், போட்டேன்.

சாப்பாட்டில் அவளுக்கு நான்கு தோசை இறங்கியது. நான் என்னையறியாமல் ஐந்தாவதை எடுத்தபோது என் மனைவி கரண்டியை நிறுத்தினாள். “தாத்தா சாப்பிடமாட்டாவ, சாப்பிடமாட்டாவன்னு நாலு நாளு ரெண்டு பேரும் பயந்து செத்தோம். இவரு என்னன்னா அஞ்சாவதுக்கு வந்துட்டாரு.”

“ஒனக்கு வெள்ளிக்கிழமையே தெரியுமாமே?” என்றேன்.

“தெரியும். ஒங்க நோட்டுல அதுக்கு எடம் இருந்துச்சா?”

அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக அவளுக்குப் புது சிம் வாங்கினோம். அந்த எண் தெரிந்தவர்கள் பட்டியலை அவளே எழுதி வைத்துக்கொண்டாள். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த ஆளிடமிருந்து இன்றுவரை ஒன்றும் வரவில்லை. பேனரில் அவள் முகம் இருந்த பகுதியை மட்டும் வெட்டி, பீரோவின் உள்பக்கக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுத்தான் ஒட்டினேன்.

செலவு எழுதினேன். தார்ப்பாய் 640. பஸ், போக வர, 16. ரம்புட்டான் 100. புது சிம்மும் ரீசார்ஜும் 299. மே மாதத்துப் பேனரை இதில் சேர்ப்பதா வேண்டாமா என்று சற்று நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். அங்கேதானே ஆரம்பித்தது. நாற்பத்தெட்டுச் சதுர அடி, அடி பன்னிரண்டு ரூபாய், 576.

ஆக மொத்தம், ரூ. 1,631.